ஆங்கிலப் பன்மைச் சொற்களின் வரலாறு

ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் இறுதியில் 'ஸ்' சேர்த்தால் பன்மை என்பது பள்ளியில் கற்பிக்கப்படும் விதி. ஆக்ஸன், சில்ட்ரன், ஃபீட், ஷீப் ஆகியவை விதிவிலக்குகள் என மனப்பாடம் செய்யப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் விதிப்படி அமைந்த சொற்களே.

ஏறத்தாழ கி.பி. 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பன்மைக்குப் பல வழிகள் இருந்தன. சில சொற்கள் 'அஸ்' விகுதி பெற்றன. இன்றைய 'ஸ்' அதன் வழிவந்தது. சில 'அன்' பெற்றன, ஆக்ஸன் அவ்வகை. ஷீப் போன்றவை மாறவே இல்லை. ஃபுட் என்பதன் பன்மையில் மிகப் பழங்காலத்தில் இகர ஒலியுடைய விகுதி இருந்தது. அது தனக்கு முன்னுள்ள உயிரொலியை மாற்றிவிட்டுத் தான் மறைந்தது, எஞ்சியது ஃபீட். கூஸ் கீஸ் ஆனதும் இவ்வாறே. கீரியைக் குறிக்கும் மங்கூஸ் இந்தியாவிலிருந்து மிகப் பிற்காலத்தில் சென்ற சொல். எனவே அதன் பன்மை மங்கூஸஸ். மாணவர் பலர் எழுதுவது போல 'மங்கீஸ்' ஆகாது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் வந்த நூற்றாண்டுகளில் பழைய விகுதிகள் தேய்ந்தன. வடக்கே 'எஸ்' பரவியது. தெற்கே 'என்' செல்வாக்குடன் இருந்தது. ஷூ என்பதற்கு 'ஷூன்' என்ற பன்மையும் வழங்கியது. 'சில்டர்' என்று ஏற்கெனவே பன்மையாயிருந்த சொல் மீண்டும் 'என்' ஏற்றுச் சில்ட்ரன் ஆனது. அதாவது, அது இரட்டைப் பன்மை.

இக்குழப்பத்தை இங்கிலாந்தின் முதல் அச்சகர் வில்லியம் காக்ஸ்டன் 1490இல் தாம் அச்சிட்ட நூலொன்றின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார். தேம்சு ஆற்றிலிருந்து கடல்கடந்து செல்லவிருந்த வணிகர் சிலர், காற்று வீசாததால் கரையிறங்கினர். அவர்களுள் ஒருவர் ஒரு வீட்டில் முட்டை வேண்டுமென்று 'எக்ஸ்' கேட்டார். அவ்வீட்டுப் பெண் தமக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். வணிகருக்குக் கோபம் வந்தது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! மற்றொருவர் 'எய்ரன்' என்று சொன்ன பிறகே பெண்ணுக்குப் புரிந்தது. எய்ரன் பழைய ஆங்கிலச் சொல், சில்ட்ரன் போன்ற இரட்டைப் பன்மை. எக் ஸ்காண்டிநேவியரிடமிருந்து வந்தது. இவற்றுள் எதை அச்சிடுவது என்று காக்ஸ்டன் திகைத்தார். காலப்போக்கில் எய்ரன் வழக்கொழிந்தது.

'ஸ்' வேரூன்றியபின் ஒருமைச் சொற்களும் தப்பவில்லை. பட்டாணிக்குரிய பழைய ஒருமைச் சொல் 'பீஸ்'. அதன் இறுதி ஒலியைப் பன்மை விகுதியெனக் கருதிய மக்கள், 17ஆம் நூற்றாண்டளவில் அதை நீக்கி, 'பீ' என்ற புதிய ஒருமையை உண்டாக்கிக்கொண்டனர்.