மன்னிப்பு முந்தியது

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1580இல், கொச்சியில் 'கொம்பெசியோனாயரு' என்ற நூல் வந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படி ஆயத்தமாவது, குருவிடம் எதை எப்படிச் சொல்வது என்று கற்பிக்கும் நூல் அது. இரண்டையும் உருவாக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் போர்த்துக்கீசிய இயேசுசபைக் குரு. புன்னைக்காயல் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, தமிழ் கற்று, தூத்துக்குடி மண்ணில் அடக்கமானவர். தமிழில் முதன்முதலாக அச்சேறிய சில நூல்களுள் ஒன்று மன்னிப்புப் பெறும் வழியைச் சொல்வது என்பதில் அந்த முத்துக்குளித்துறையில் பிறந்த எனக்குப் பெருமை உண்டு.

புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு நான் மறைக்கல்வி நடத்துகிறேன். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவத்தைச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சிறுமி கேட்டாள்: "சாமியார் மன்னிப்புக் குடுத்துட்டாருல்ல டீச்சர், பெறகு எதுக்கு அபராதம்?" திருச்சபை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் விடை தேடிய கேள்வி அது.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் சொத்தைப் பிரித்து வாங்கிச் சென்ற இளைய மகன், பன்றிகளுக்கு நடுவே பசியில் கிடந்தபோது அப்பாவிடம் சொல்ல மூன்று விஷயங்களை ஆயத்தம் செய்கிறான். நான் பாவம் செய்தேன். இனி உம் மகன் என்று சொல்லத் தகுதியற்றவன். என்னைக் கூலிக்காரர்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். அப்பாவோ அவனைத் தூரத்திலேயே கண்டு, ஓடிவந்து, கட்டித்தழுவி முத்தமிடுகிறார். அதன் பிறகுதான் அவன் வாய் திறக்கிறான். முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்வதற்குள் அப்பா ஊழியரை அழைத்து, சிறந்த ஆடையும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்கிறார். அந்த வீட்டில் கூலிக்கு இருக்கும் பேச்சுக்கே இடம் கிடைக்கவில்லை.

தொடக்கத் திருச்சபை இந்தக் கதையை நேசித்தது. அதற்கு அஞ்சவும் செய்தது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட 'எர்மாவின் ஆயர்' என்ற நூல், திருமுழுக்குக்குப் பின் ஒரே ஒரு முறை மனந்திரும்பலாம் என்றது. கார்த்தேஜின் தெர்த்துல்லியன், மனந்திரும்புதலைப் பற்றிய தம் முதல் நூலில் ஊதாரி மகனின் தந்தையைக் காட்டித்தான் பாவிகளுக்கு நம்பிக்கை ஊட்டினார். பிற்காலத்தில் கண்டிப்பான மொந்தானியக் குழுவின் பக்கம் சாய்ந்தபோது, அந்த உவமை பாவத்தில் விழுந்த கிறிஸ்தவர்களுக்கானதே அல்ல என்று வாதாடினார். ஒரே மனிதர், ஒரே கதை. கதவு முதலில் திறந்தது, பின்பு சாத்திக்கொண்டது.

250இல் பேரரசர் தேசியு எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட ஆணையிட்டார். பலர் அஞ்சிப் பலியிட்டார்கள். சிலர் பலியிட்டதாகச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். துன்புறுத்தல் தணிந்ததும் அவர்கள் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். சேர்க்கவே கூடாது என்றார் ரோமின் குரு நொவாத்தியன். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் தலைமையில் 251இல் கூடியவர்கள், சான்றிதழ் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்களுக்கு மரண வேளையில் மட்டும் மன்னிப்பு என்று முடிவுசெய்தார்கள். அடுத்த துன்பம் நெருங்கியதும், தவம் செய்துகொண்டிருந்த அனைவரையும் சேர்த்துக்கொண்டார்கள். நிராயுதபாணிகளாகப் பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு அனுப்ப அவர்கள் மனம் ஒப்பவில்லை.

அந்நாளில் முதலில் தவம், அப்புறம்தான் மன்னிப்பு. கொலை, விபசாரம் போன்ற பெரும் பாவங்களைச் செய்தவர்கள் நற்கருணை மறுக்கப்பட்டு, ஊரறியப் பல காலம் நின்றார்கள். 390இல் தெசலோனிக்காவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பழிக்காகப் பேரரசர் தெயோதோசியுவையே மிலான் ஆயர் அம்புரோசு அப்படி நிற்கவைத்தார். மன்னிப்புக்குப் பிறகும் சில தடைகள் சாகும்வரை தொடர்ந்தன. அதனால் மக்கள் தவத்தைச் சாவுப் படுக்கைக்குத் தள்ளிப்போட்டார்கள்.

மாற்றம் அயர்லாந்துத் துறவிகளிடமிருந்து வந்தது. அவர்கள் தனியே, எத்தனை முறை வந்தாலும் பாவ அறிக்கை கேட்டார்கள். 589இல் ஸ்பெயினின் தொலேதோ சங்கம், விழுந்தபோதெல்லாம் மன்னிப்புக் கேட்கும் இந்தப் பழக்கத்தைக் கண்டித்தது. ஆனாலும் அது பரவியது. கூடவே இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் என்ற பட்டியல்களும் பரவின. பின்னாளில் நோன்புக்குப் பதில் பணம் கட்டலாம் என்றானது. உவமையில் அப்பா சொல்லவிடாத அந்தக் கூலிப் பேச்சு இப்படி உள்ளே நுழைந்துவிட்டது.

ஏறத்தாழ 1000ஆம் ஆண்டை ஒட்டி, முதலில் தவம் பிறகு மன்னிப்பு என்ற அந்த வரிசை தலைகீழாகியது. பாவத்தைச் சொன்ன உடனே மன்னிப்பு. அபராதம் அதற்குப் பிறகு. நெடுந்தொலைவிலிருந்து வருபவரைத் திரும்பவும் வரச்சொல்ல முடியாத நடைமுறைச் சிக்கலும் இதற்கு ஒரு காரணம். எனக்கு இந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கொரு முறை பாவசங்கீர்த்தனத்தைக் கட்டாயமாக்கியதும், சொன்னதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனை வைத்ததும், பதினாறாம் நூற்றாண்டில் மிலானின் கார்லோ பொரோமேயோ கம்பித் தட்டி வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பரப்பியதும் அதன் பின் வந்தவை. 1517இல் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்ததும், அருளை விலைகொடுத்து வாங்க முடியாது என்ற அதே உண்மைக்காகத்தான். 1973இல் ரோமில் திருத்தப்பட்ட சடங்கில், குரு சொல்லும் மன்னிப்பு மன்றாட்டு இரக்கத்தின் தந்தையாகிய கடவுளை அழைத்தே தொடங்குகிறது.

சிறுமிக்கு நான் சொன்னது இதுதான்: "அபராதம் மன்னிப்புக்குக் குடுக்கிற விலை இல்லம்மா. அப்பா கட்டிப்பிடிச்ச பிறகு பிள்ளை வீட்டு வேலையில கைகொடுக்கிறது. கூலிக்கு இல்ல, பாசத்துக்கு."

வகுப்பில் அந்த உவமையின் மூத்த மகனையும் விடாமல் சொல்கிறேன். தம்பி திரும்பியதற்காக நடந்த விருந்துக்குள் வர மறுத்து, தான் உழைத்த ஆண்டுகளைக் கணக்குக் காட்டிய அவனைத் தேடியும் அப்பா வெளியே வந்து வருந்தி அழைத்தார். நொவாத்தியனையும், தொலேதோவில் கூடிய ஆயர்களையும், மன்னிப்பு மலிந்துவிடுமே என்று கவலைப்பட்ட எல்லாரையும் நான் அந்த மூத்த மகனின் இடத்தில்தான் வைக்கிறேன். அவர்கள் வீட்டை நேசித்தவர்கள். தங்களுக்குத் தெரிந்த வழியில் அதைக் காத்தவர்கள். அந்த அப்பாவின் அழைப்பு அவர்களுக்கும் உரியது.