கேரளத்தில் இ-சலான்: நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: போக்குவரத்து விதிமீறலுக்காக அனுப்பப்பட்ட இ-சலான் தவறானது என்று கருதும் வாகன உரிமையாளர், அபராதத்தை முதலில் செலுத்திவிட்டுப் பின்னர் முறையிடலாம் என்று எண்ணினால் அந்த வாய்ப்பை இழக்க நேரிடும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 200-ஆவது பிரிவின்படி, வழக்கின்றித் தீர்த்துக்கொள்வதற்கான தொகையைச் செலுத்தியதும் அக்குற்றம் தொடர்பான நடவடிக்கை முடிவுக்கு வந்துவிடுகிறது. எனவே, செலுத்துவதா எதிர்ப்பதா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

பத்மநாப சுவாமி கோயில், 'சாலை' கடைவீதி, நகரப் பேருந்து நிலையம் ஆகியவை அடுத்தடுத்து அமைந்த கிழக்கேகோட்டைக்கு, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து டிஎன் 74, டிஎன் 75 பதிவெண் கொண்ட வாகனங்கள் நாள்தோறும் வந்து செல்கின்றன. கேரளத்தில் நிகழும் விதிமீறலுக்கு இந்த வாகனங்களின் உரிமையாளர்களுக்கும் சலான் அனுப்பப்படும்.

கேமரா கண்காணிப்பு

'பாதுகாப்பான கேரளம்' திட்டத்தின் கீழ் 726 கேமராக்கள் 2023 ஏப்ரல் 20-ஆம் தேதி செயல்பாட்டுக்கு வந்தன. அவற்றின் அடிப்படையில் அபராதம் விதிப்பது அதே ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி தொடங்கியது. தலைக்கவசம், இருக்கைப் பட்டை அணியாமை, வாகனம் ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்துதல் உள்ளிட்ட விதிமீறல்களை இவை பதிவு செய்கின்றன.

எந்த நீதிமன்றம்?

குறித்த காலத்துக்குள் தீர்க்கப்படாத சலான்கள் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகின்றன. அதன் இணையதளத்தில் வாகன எண் அல்லது சலான் எண்ணை உள்ளிட்டு வழக்கைக் காணலாம். அபராதத்தைச் செலுத்துதல், வழக்கை எதிர்த்தல் என இரு வாய்ப்புகள் அங்கு உள்ளன. எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால், விதிமீறல் நிகழ்ந்ததாகக் கூறப்படும் பகுதிக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு வழக்கு மாற்றப்படும். திருவனந்தபுரம் நகரின் நீதிமன்ற வளாகம் வஞ்சியூரில் உள்ளது.

நாகர்கோவிலில் வசிப்பவர் இதற்காக ஒவ்வொரு முறையும் நேரில் வர வேண்டியதில்லை. வழக்கறிஞர் மூலம் முன்னிலையாகலாம் என்று அழைப்பாணையிலேயே குறிப்பிடுவதற்குச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு வழிவகுக்கிறது. மகளிர், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கோரலாம்.

எவற்றை எழுப்பலாம்?

* பதிவெண்: படத்தில் உள்ள எண்ணும் சலானில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, வாகனத்தின் வகையும் நிறமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். வாகனம் அன்று வேறிடத்தில் இருந்ததைக் காட்டும் ரசீதுகள் உதவும்.

* கருவியும் அறிவிப்பும்: 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட 167ஏ விதி, கண்காணிப்புக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழையும், கேமரா இருப்பதைத் தெரிவிக்கும் எச்சரிக்கைப் பலகையையும் கட்டாயமாக்கியது. விதிமீறல் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் அது கூறியது.

* மின்னணுச் சான்று: கேமரா படத்துக்கு உரிய சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின் கீழ் வருகிறது.

* அதிவேகம், அபாயகரமாக ஓட்டுதல்: இவ்வழக்குகளில் தண்டனை விதிக்க, சம்பவத்தின்போதே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாள்களுக்குள் அறிவிப்போ, 28 நாள்களுக்குள் அழைப்பாணையோ அனுப்பியிருக்க வேண்டும் என்று 209-ஆவது பிரிவு கூறுகிறது. உரிமையாளரின் பெயர், முகவரியை உரிய காலத்தில் கண்டறிய இயலாத நேர்வுகளுக்கு இதில் விலக்கு உண்டு.

தோற்றால் என்ன?

தலைக்கவசம் அணியாததற்கு வழக்கின்றித் தீர்க்கும் தொகையை கேரள அரசு 2019-இல் ரூ.500 ஆகக் குறைத்தது. ஆனால், சட்டத்தின் 194டி பிரிவு விதிக்கும் தண்டனை ரூ.1,000 அபராதமும், மூன்று மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமத் தகுதி இழப்பும் ஆகும். குற்றம் நிரூபணமானால் நீதிமன்றம் குறைக்கப்பட்ட தொகையைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை. வழக்கறிஞர் கட்டணம், பயணச் செலவு ஆகியவையும் சேரும். விதிமீறல் படத்தில் தெளிவாக இருப்பின் வழக்காடுவது இழப்பாகவே முடியலாம். அதேவேளையில், செய்யாத குற்றத்துக்குத் தொகை சிறியது என்பதற்காகச் செலுத்தினால், அது அந்த வாகனத்தின் பதிவில் நிலைத்துவிடும்.

நீதிமன்றங்களின் நிலைப்பாடு

உடல்நலக் காரணங்களால் தலைக்கவசம் அணிவதிலிருந்து விலக்கு கோரிய மனுவை, கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் 2023 ஜூனில் தள்ளுபடி செய்தார். தலைக்கவசம் அணிய இயலாதவர்கள் இருசக்கர வாகனப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அவர் குறிப்பிட்டார். கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், மின்னணுக் கண்காணிப்பு தொடர்பான 136ஏ பிரிவையும் 167ஏ விதியையும் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கேமரா கண்காணிப்பையே எதிர்க்கும் வாதத்தைவிட, குறிப்பிட்ட சலானில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டும் வாதமே பயனளிக்கும் என்பதை இவை உணர்த்துகின்றன.

கவனம் தேவை

சலான் என்ற பெயரில் போலி குறுஞ்செய்திகள் வாயிலாகச் செயலியைப் பதிவிறக்கச் செய்து பணம் பறிக்கும் மோசடிகளும் நடைபெறுகின்றன. எனவே, செய்தியில் வரும் இணைப்பைத் திறக்காமல், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நேரடியாகச் சலானைச் சரிபார்க்க வேண்டும். முறையிடுவதற்கான கால வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சலானில் அச்சிடப்பட்டுள்ள கெடுவையே பின்பற்ற வேண்டும்.