எந்தப் பெட்டி எங்கே: ஒலிக்கருவிகள் பெயர் பெற்ற கதை

அரங்கில் மிக்ஸர் பார்வையாளர்களுக்குப் பின்னால் இருக்கும். மைக்குகள் மேடையில் இருக்கும். இரண்டையும் நெடுங்காலம் இணைத்தது கைப்பருமன் உள்ள மல்டிகோர் கேபிள். 24 மைக் என்றால் அதற்குள் 24 ஜோடிக் கம்பிகள். மேடை முனையில் இருக்கும் இணைப்புப் பெட்டியான ஸ்டேஜ் பாக்ஸின் 7ஆம் துளையில் செருகியது மிக்ஸரின் 7ஆம் சேனலில் ஒலிக்கும். கருவிக்கென்று தனி அடையாளம் கிடையாது. செருகிய துளைதான் அடையாளம். ஒலிப்பதிவுக் கூடத்தின் பேட்ச் பேயும் இதே வழிதான். 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களின் இணைப்புப் பலகைதான் அதற்கு மூலம், 6.35 மி.மீ. ஜாக்கும் அங்கிருந்து வந்ததே. எந்த வயர் எதற்கு என்பதை வெள்ளை டேப்பில் மார்க்கரால் எழுதி ஒட்டுவார்கள். டேப் உரிந்துவிட்டால், மேடையில் ஒருவர் ஒவ்வொரு மைக்காகத் தட்ட, மிக்ஸரில் இருப்பவர் ஹெட்ஃபோனில் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லும் வசதி இசைக்கருவிகள் வழியாக வந்தது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் புரோஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 என்ற இரு சிந்தசைசர்களை மிடி (MIDI) என்ற பொது இணைப்பு முறையின் கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். மிடியில் 16 சேனல்கள். எந்தக் கருவி எந்தச் சேனலுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பதைப் பயனரே அமைக்க வேண்டும். உற்பத்தியாளருக்கும் எண் தரப்பட்டது: சீக்வென்ஷியலுக்கு 1, ரோலண்டுக்கு 65, யமஹாவுக்கு 67. பின்னர் “நீ யார்?” என்று கேட்கும் செய்தியும் சேர்ந்தது. கேட்கப்பட்ட கருவி தன் உற்பத்தியாளர், மாடல், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைச் சொல்லும். ஆனால் மிடி கேபிள் ஒருவழிப் பாதை. பதில் வர வேண்டுமானால் இன்னொரு கேபிள் போட்டிருக்க வேண்டும்.

1991இல் தரப்படுத்தப்பட்ட ‘மாடி’ (MADI) என்ற டிஜிட்டல் முறை, ஒரே கோஆக்சியல் கேபிளில் 56 சேனல்களை அனுப்பியது. மல்டிகோரின் எடை குறைந்தது; அடையாள முறை மாறவில்லை. 7ஆம் சேனல் அப்போதும் 7ஆம் சேனல்தான்.

நெட்வொர்க் வந்தபோதுதான் சிக்கல் முற்றியது. சுவிட்சின் எந்தத் துளையில் செருகினாலும் ஒலி எங்கும் போகும் என்றால், துளையை வைத்து எதையும் அடையாளம் காண முடியாது. அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த பீக் ஆடியோ நிறுவனம் 1990களின் நடுவில் உருவாக்கிய கோப்ராநெட், இதற்கு எண்ணையே விடையாகக் கொண்டது. அதிகபட்சம் 8 சேனல்கள் ஒரு பண்டில். ஒவ்வொரு பண்டிலுக்கும் ஓர் எண். அனுப்பும் கருவியில் 301 என்று வைத்தால், வாங்கும் கருவியிலும் 301 என்று வைக்க வேண்டும். 1 முதல் 255 வரையிலான எண்கள் நெட்வொர்க் முழுவதற்கும் ஒலிபரப்பும். அதற்கு மேற்பட்டவை குறிப்பிட்ட கருவிக்கு மட்டும் செல்லும். விமான நிலையங்களிலும் விளையாட்டரங்குகளிலும் இது நன்றாகவே உழைத்தது. ஆனால் 301 என்பது எந்த அறை, எந்த ஆம்ப் என்பது ஒரு தாளில்தான் இருக்கும். அந்தத் தாளை வைத்திருப்பவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் பாடு திண்டாட்டம்.

பெயரால் தேடும் வழி ஒலித்துறைக்கு வெளியே, கணினித் துறையில் பிறந்தது. ஆப்பிள் 2002இல் ரான்டேவூ என்று வெளியிட்டு, 2005இல் போன்ஜோர் எனப் பெயர் மாற்றிய நுட்பம் அது. அதன்படி, கருவியை இயக்கியதும் 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளும். வேறு யாரும் அதை வைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்தபின் தன் பெயரை நெட்வொர்க்கில் அறிவிக்கும்.

2006இல் சிட்னியில் தொடங்கிய ஆடினேட் நிறுவனம் தன் டான்டே நெட்வொர்க்கை இந்த அடித்தளத்தில் கட்டியது. டான்டே கருவி ஒவ்வொன்றுக்கும் 31 எழுத்துக்குள் ஒரு பெயர். வாங்கும் கருவி எண்ணையோ முகவரியையோ நினைவில் வைப்பதில்லை. “இந்தப் பெயருள்ள கருவியின் இந்தப் பெயருள்ள சேனல்” என்றே வைத்துக்கொள்கிறது. பழுதான ஸ்டேஜ் பாக்ஸைக் கழற்றி, அதே மாடலில் வேறொன்றை மாட்டி, பழைய பெயரையே வைத்தால் இணைப்புகள் தாமாகத் திரும்பும். யாராவது அழகுக்காகப் பெயரை மாற்றினால் ஒலி நின்றுவிடும் என்பது இதன் மறுபக்கம். யமஹாவின் ரியோ ஸ்டேஜ் பாக்ஸில் முன்புறச் சுழல் சுவிட்சை 1இல் வைத்தால், பெயர் ஒய்001 என்று தொடங்கும். யமஹா மிக்ஸர் அந்த முன்னொட்டைப் பார்த்தே தன் பெட்டியை அடையாளம் காணும்.

பெயர் திரையில் தெரிந்தாலும், ரேக்கில் ஒரே மாதிரி அடுக்கிய எட்டுப் பெட்டிகளில் அது எது என்ற கேள்வி மிஞ்சும். அதற்குத்தான் ஐடென்டிஃபை பொத்தான்: திரையில் அழுத்தினால், அந்த வசதியுள்ள பெட்டியின் விளக்கு மின்னும். டான்டேக்குப் போட்டியான ஏவிபி என்ற நெட்வொர்க் முறையின் கட்டுப்பாட்டுத் தரத்திலும் இது உண்டு.

வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2013இல் ஏஇஎஸ்67 தரம் வெளியானது. ஒலியை எப்படி அனுப்புவது, கடிகாரத்தை எப்படி ஒத்திசைப்பது என்பதை அது வரையறுத்தது. கருவிகளைக் கண்டுபிடிப்பதற்கு எந்த ஒரு முறையையும் கட்டாயமாக்கவில்லை. உடன்பாடு எட்ட அது எளிய வழி; களத்தில் வேலை செய்பவருக்கோ தலைவலி. டான்டே ஒரு விதமாக அறிவிக்க, ராவென்னா என்ற இன்னொரு நெட்வொர்க் வேறு விதமாக அறிவித்தது. இரண்டையும் சேர்த்துவைக்க இடையில் மொழிபெயர்ப்பு மென்பொருள் தேவைப்பட்டது.

போன்ஜோர் வழி அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது என்பது இன்னொரு வரம்பு. பல கட்டடங்கள் உள்ள வளாகத்தில், அடுத்த கட்டடத்தின் மைக் இங்குள்ள பட்டியலில் தெரியாது. 2017இல் ஆடினேட் அறிவித்த டான்டே டொமைன் மேனேஜர், கருவிகளை ஒரு சர்வரில் பதிவுசெய்ய வைத்தது. பதிவான கருவிகள் கட்டடம் தாண்டியும் தெரிந்தன. எவற்றை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்ற அனுமதிகளும் அந்தப் பதிவோடு சேர்ந்தன.