வயிறு மூடாது பிறக்கும் மகவு

ஜொகூர் மாநிலத்துக் கூலாய் வட்டாரத்தில் அமைந்தது செடெனாக். அதனையொத்த தோட்டப்புறங்களில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் மருத்துவச்சியின் கையிலிருந்த காலம் ஒன்றுண்டு. மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், பிறந்த 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னரே மாண்டன. அந்நாளில் குடல் வெளியே தொங்க ஒரு மகவு பிறப்பின் அதனைக் காப்பது அரிது. கிரகணம் பட்டதென்றும், தாய் பார்க்கத் தகாததைப் பார்த்தாளென்றும் பழி பெற்றவள்மேல் விழுந்தது. அப்பழி பொருளற்றதெனக் காட்டியது கருவியல். அம்மகவைப் பிழைக்க வைத்தது அறுவை மருத்துவம்.

சூல்கொண்ட 6ஆம் வாரத்தில், வயிற்றில் இடம் போதாமையால் குடல் கொப்பூழ்க்கொடிக்குள் புகும். 10ஆம் வார அளவில் மீண்டும் உள்ளே திரும்பும். இது மாந்தர் அனைவர்க்கும் இயல்பு. திரும்பாது, மெல்லிய உறை சூழக் கொடிக்குள்ளேயே உறுப்புகள் தங்கிவிடின் அது ஓம்பலோசீல். கொப்பூழுக்குப் பெரும்பாலும் வலப்புறம் பிளவு உண்டாகி, உறையின்றிக் குடல் வெளிப்படின் அது காஸ்ட்ரோஸ்கைசிஸ். முன்னதில் இதயக் குறையும் குரோமோசோம் கோளாறும் உடன் வருதல் மிகுதி. பின்னதில் அவை குறைவு. இளவயதுத் தாய்மாரின் மகவுகளிடமே அது மிகுதியாகக் காணப்படுகிறது.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் அம்புரோஸ் பாரே ஓம்பலோசீலை விளக்கி எழுதினார். காஸ்ட்ரோஸ்கைசிஸை மூடுவதில் 1943இல் வாட்கின்ஸ் வெற்றி கண்டார். பெரிய ஓம்பலோசீலை முதலில் தோலால் மட்டும் போர்த்திப் பின்னர்த் தசையை மூடும் முறையை 1948இல் ராபர்ட் கிராஸ் வெளியிட்டார். குடலை ஒரு பைக்குள் வைத்துச் சிறுகச் சிறுக வயிற்றுக்குள் இறக்கும் முறையை 1967இல் ஷுஸ்டர் அறிவித்தார். எனினும், மூடிய குடல் வேலைசெய்யும்வரை மகவுக்கு உணவேது? 1968இல் பிலடெல்பியாவில் டட்ரிக் குழுவினர் இரத்தக்குழாய் வழியே முழு உணவையும் செலுத்திக் குழந்தையை வளர்க்கலாமெனக் காட்டினர். பிழைப்போர் தொகை பெருகியதற்கு அறுவையோடு இதுவும் தலையாய காரணமாகும்.

கிளாஸ்கோவில் அயன் டொனால்ட் 1958இல் வெளியிட்ட அல்ட்ராசவுண்ட் ஆய்வு, நாளடைவில் இக்குறைகளைக் கருவிலேயே காணும் வழியைத் திறந்தது. இங்கு ஒரு புதிரும் எழுந்தது. கருவிலேயே அறியப்பட்ட ஓம்பலோசீல் மகவுகளின் பிழைப்பு விழுக்காடு, பிறந்தபின் அறியப்பட்டவற்றினும் தாழ்ந்திருந்தது. முன்னறிதல் தீங்கு செய்ததோ எனின், அன்று. கருவிலேயே மடிவனவும், கடுங்குறையுடைமையால் பெற்றோர் கலைத்துவிடுவனவும் பழைய கணக்கில் இடம்பெறவில்லை. உயிரோடு அறுவை மேசையை அடைந்தவை மட்டுமே எண்ணப்பட்டன. மறைந்திருந்த சாவுகளை ஸ்கேன் வெளிப்படுத்திற்று, அவ்வளவே.

காஸ்ட்ரோஸ்கைசிஸின் நிலை வேறு. இதில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குடலின் நிலையும், கிடைக்கும் மருத்துவமுமே. 74 நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2021இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வில், செல்வ நாடுகளின் 139 மகவுகளுள் 2 இறந்தன. நடுத்தர வருவாய் நாடுகளின் 304இல் 97 இறந்தன. வறிய நாடுகளின் 10இல் 9 இறந்தன. நோய் ஒன்றே, பிறந்த இடமே வேறு.

செடெனாக்கிலிருந்து ஜொகூர் பாரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நலமுள்ள மகவுக்கு அத்தொலைவு பெரிதன்று. குடல் வெளிப்பட்ட மகவோ வழியிலேயே வெப்பத்தையும் நீரையும் இழக்கும். முன்னரே அறிந்தால், குழந்தை அறுவை வசதியுள்ள மருத்துவமனையிலேயே தாய் பிள்ளை பெறலாம். இக்குறை ஒன்றற்காக அவள் வயிற்றைக் கீறவேண்டுவதில்லை. அறியாது பிறந்துவிட்டாலும், குடலைத் தூய பிளாஸ்டிக் உறையால் மூடி, உடலை வெதுவெதுப்பாக வைத்து விரைந்து கொண்டு செல்லல் வேண்டும். ஸ்கேன் நோயைத் தீர்ப்பதில்லை. தாயை உரிய இடத்திற்கு உரிய காலத்தில் அனுப்புகிறது. தோட்டத்துத் தாய்க்கும் நகரத்துத் தாய்க்கும் அவ்வாய்ப்பு ஒருங்கே கிடைத்தல் வேண்டும்.