ஒரே நெருப்பு, வேறு வேறு சாம்பல்

இருபது டாலர் நோட்டு. கள்ளநோட்டாக இருக்குமோ என்று ஒரு மளிகைக்கடையிலிருந்து போலீஸுக்கு போன் போனது. இடம், அமெரிக்காவின் மினியாபொலிஸ். தேதி, மே 25, 2020. கொஞ்ச நேரத்தில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தின்மேல் ஒரு போலீஸ்காரரின் முழங்கால். ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக எடுக்கவே இல்லை. ஃப்ளாய்ட் இறந்துபோனார்.

அடுத்து வெடித்த போராட்டம் உலகத்துக்கே தெரியும். நெருப்பு அணைந்தபிறகு அந்த ஊர்க் கடைக்காரர்கள் என்ன ஆனார்கள்? அது அவ்வளவாகத் தெரியாது.

லேக் ஸ்ட்ரீட் என்பது அந்த ஊரின் நீளமான கடைத்தெரு. ஒரு காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள் கடை போட்ட இடம். பிறகு ஜனங்கள் புறநகருக்குக் குடிபோக, தெரு களையிழந்தது. 1990களில் மெக்ஸிகோ, சோமாலியா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள்தாம் மறுபடி ஷட்டரைத் தூக்கினார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா. ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. வருமானம் படுத்துவிட்டது. வாடகை படுக்கவில்லை. அந்த நிலைமையில்தான் மே மாதத் தீ. மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களில் சேதமான கடைகள் சுமார் 1,500. நஷ்டம் சுமார் 50 கோடி டாலர்.

எரிந்த ரெஸ்டாரண்ட் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? காந்தி மஹால்! அடிபட்ட போராட்டக்காரர்களுக்கு முதலுதவி நடந்ததே அங்கேதான். கட்டடம் எரிந்தால் எரியட்டும், நியாயம் கிடைக்கட்டும் என்றார் பங்களாதேஷிலிருந்து போன அதன் உரிமையாளர்.

பெரிய மனசு. ஆனால், திரும்பக் கட்ட மனசு மட்டும் போதாதே?

முதலில் இடிபாடுகளை அள்ள வேண்டும். பெரும்பாலான இன்ஷூரன்ஸ் பாலிசிகள் இதற்குக் கொடுத்தது 25,000 முதல் 50,000 டாலர். காண்ட்ராக்டர்கள் கேட்டதோ இரண்டு, மூன்று லட்சம். போதாக்குறைக்கு, வருஷத்தின் பிற்பாதி சொத்துவரியை முன்கூட்டியே கட்டினால்தான் இடிக்க அனுமதி என்றது மினியாபொலிஸ் நகர நிர்வாகம். கடையே இல்லை, வரி எங்கிருந்து கட்டுவது? பக்கத்து செயின்ட் பாலில் இந்தக் கெடுபிடி கிடையாது. பத்திரிகையில் விஷயம் வந்தபிறகுதான் மினியாபொலிஸ் இறங்கி வந்தது. அதற்குள் கோடைக்காலமே ஓடிவிட்டது.

உதவி வராமல் இல்லை. வியாபாரிகளுக்கான லேக் ஸ்ட்ரீட் கவுன்சில், நன்கொடையாகவே ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. மாநில அரசும் சிறுதொழில்களுக்காக ஒரு சட்டம் போட்டது. பெயர், பிராமிஸ். வந்தது 2023ல்!

இப்போது காலண்டரைப் பாருங்கள். அதே தெருவில் சூறையாடப்பட்ட டார்கெட் சூப்பர் மார்க்கெட், அதே வருஷம் நவம்பரில் திறந்துவிட்டது. 1974லிருந்து நடந்து, அந்தத் தீயில் சாம்பலான அங்கிள் ஹ்யூகோஸ் புத்தகக்கடை, வேறு இடத்தில் திறக்க 2022 ஆனது. 1917ல் கட்டிய கொலிசியம் கட்டடம் சீராகி வர 2024.

பெரிய கம்பெனிக்கு ஒரு கிளை எரிந்தால் மற்ற கிளைகள் சோறு போடும். சின்னக் கடைக்கு இருப்பதே ஒரு கிளைதான். மாதம் ஒன்று தள்ளிப்போனால், கடன் வட்டி ஏறும். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் பழகிவிடுவார். கடைசியில், கிடைத்த விலைக்கு இடத்தைத் தள்ளிவிடத் தோன்றும்.

கொலிசியத்தில் அப்படி நடக்கவில்லை. உள்ளூர் அமைப்பு ஒன்று அதை வாங்கிச் சீரமைத்தது. அங்கே தொழில் நடத்தும் கறுப்பினத்தவரையே உரிமையில் பங்காளிகளாகவும் ஆக்கியது.

கடையை எரிப்பது ஒரு ராத்திரி வேலை. அதை நிரந்தரமாக மூடவைப்பது, தாமதமாக வரும் பணம்.