மாதக் கடைசியில் பீப்ஸ் போட்ட கணக்கு

ஏழெட்டு வருஷமாக என்னிடம் ஒரு எக்செல் ஷீட் இருக்கிறது. ஜனவரி முதல் தேதி அந்த வருடத்துக்கான இலக்குகளை அதில் எழுதிவிடுவேன். படிக்க வேண்டிய புத்தகங்கள் 24, எழுத வேண்டிய கட்டுரைகள் 12, கிரந்த எழுத்து வாசிக்கப் பழகுவது, காலை நடை, சேமிப்பு, அப்புறம் ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு நாவல். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பன்னிரண்டு கட்டங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடுவேன். ஆபீஸில் ப்ராஜெக்ட் ஸ்டேட்டஸ் போட்டே பழகின கை, வீட்டிலும் சும்மா இருக்க மாட்டேங்குது.

இந்த ஜூன் மாதம் ஆறில் நாலு சிவப்பு. நாவலுக்கு நேரே தொடர்ந்து மூன்றாவது வருடமாகப் பூஜ்யம். இப்படி மாதாமாதம் தன்னைத்தானே ஆடிட் செய்துகொள்ளும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் கொண்டுபோய் விட்ட இடம் 17ஆம் நூற்றாண்டு லண்டன். ஆள், சாமுவேல் பீப்ஸ். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'பெபிஸ்' என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்பு பீப்ஸ்தான்.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் அறிமுகமாகியிருக்கலாம். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை 'இந்தியாவின் பீப்ஸ்' என்று சொல்வது வழக்கம். எனக்கும் அப்படித்தான் தெரியும். ஒப்பிடப்பட்டவரைப் படித்திருந்தேன், யாரோடு ஒப்பிட்டார்களோ அவரைப் படித்ததில்லை. இந்த வருடம்தான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வீட்லி பதிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பீப்ஸ் பிறந்தது 1633. தையல்காரரின் மகன். உறவினரான எட்வர்ட் மாண்டேகு என்கிற கடற்படைத் தளபதியின் தயவில் மேலே வந்தவர். 1660 ஜனவரி 1 அன்று, 26 வயதில் டைரி எழுதத் தொடங்கினார். இங்கிலாந்தில் அப்போது சட்டப்படி வருடம் பிறப்பது மார்ச் 25. 1752 வரை அப்படித்தான். ஆனாலும் ஜனவரி 1ஐப் புத்தாண்டாகக் கருதும் வழக்கமும் மக்களிடம் இருந்தது. பீப்ஸ் டைரியைத் தொடங்கியதும் வருடக் கணக்கை முடித்ததும் அந்தத் தேதியை ஒட்டித்தான். 1669 மே 31 வரை ஒன்பதரை வருடத்துக்கு ஒரு மாதம் குறைய எழுதினார். சுமார் 12 லட்சம் சொற்கள், பெரும்பாலும் ஷெல்டன் என்பவரின் சுருக்கெழுத்து முறையில்.

எழுதியதில் லண்டன் பிளேக், லண்டன் தீ விபத்து, அரண்மனை வம்பு எல்லாம் உண்டு. சரித்திர ஆசிரியர்கள் அதற்காகத்தான் படிக்கிறார்கள். நான் படித்தது வேறொன்றுக்காக. ஏறக்குறைய ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மனுஷன் உட்கார்ந்து தன் கணக்கை முடிக்கிறார். கையில் எவ்வளவு, கடன் எவ்வளவு, போன மாதத்தைவிட ஏறியதா இறங்கியதா. டிசம்பர் 31 வந்தால் முழு வருடத்துக்கும் ஒரு ரிவ்யூ: உடல்நிலை, வீடு, வேலை, நாட்டின் நிலைமை. கடைசியில் கடவுளுக்கு நன்றி. வணிகர்களின் பேரேட்டுப் பழக்கமும், தினம் தன் பாவங்களை எண்ணிப் பார்க்கச் சொன்ன பியூரிட்டன் பழக்கமும் ஒரே நோட்டில் சேர்ந்துகொண்டது மாதிரி.

முதலில் பணக் கணக்கு. 1660 வசந்தத்தில், இரண்டாம் சார்லஸை அழைத்துவரப் போன கப்பற்படையோடு பீப்ஸும் போகிறார். ஜூன் 3 அன்று கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 100 பவுண்டு. கடலுக்குக் கிளம்பியபோது, வீடும் சாமானும் நீங்கலாக, 25 பவுண்டுகூட இருந்திருக்காது என்று எழுதுகிறார். அதே வருடம் கடற்படை அலுவலகத்தில் வேலை, வருடத்துக்கு 350 பவுண்டு சம்பளம்.

எனக்கு ஒரு சந்தேகம். இவர் சொல்லும் எண்களை நம்பலாமா? நம் கை சும்மா இருக்குமா, எக்செல்லைத் திறந்தேன். 1664 வருடக் கடைசியில் தன் மதிப்பு 1,349 பவுண்டு என்கிறார். 1665 முடிவில் 4,400. இரண்டும் அந்தந்த வருடம் எழுதியவை. பிறகு 1666 டிசம்பர் 31 அன்று எழுதும்போது முந்தைய வருடத்தையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார். 1665இல் வரவு 3,560, செலவு 509. கூட்டிக் கழித்தால் 1349 + 3560 − 509 = 4400. அப்படியே டேலி ஆகுது! 1666க்கு வரவு 2,986, செலவு 1,154. 4400 + 2986 − 1154 = 6232. அவர் எழுதியிருப்பது, '6,200க்கு மேல்'. இடையில் செப்டம்பரில் லண்டனே பற்றி எரிந்திருக்கிறது. பணம், காகிதம் எல்லாவற்றையும் வண்டியேற்றி அனுப்பி, பார்மெசான் சீஸைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு ஓடியவர் போட்ட கணக்கு இது. 350 வருடம் கழித்து ஒருத்தன் சரிபார்ப்பான் என்று தெரியாமலே இவ்வளவு சுத்தம்.

இரண்டாவது, சபதங்கள். 1661 கடைசி நாள், மதுவையும் நாடகத்தையும் விடுவதாகச் சத்தியம் செய்கிறார். வாயால் சொல்வதில்லை, எழுதி வைத்துக்கொள்கிறார். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து வாசிப்பார். மீறினால் ஏழைகளுக்கான உண்டியலில் அபராதம். ஒரு மாதத்துக்குள்ளேயே பலன் தெரிகிறது. மது குறைந்ததும் வேலையில் கவனம் கூடுகிறது, காசு மிச்சமாகிறது, வெட்டி அரட்டை குறைகிறது என்று எழுதுகிறார்.

ஆனால் சபதம் என்று இருந்தால் சந்து பொந்தும் இருக்குமே. 1663 அக்டோபரில் லண்டன் மேயர் விருந்தில் ஹிப்போக்ராஸ் என்ற பானம் கொடுக்கிறார்கள். ஒயினில் சர்க்கரையும் மசாலாவும் சேர்த்தது. குடித்துவிட்டு, இது கலவைப் பானம்தான், ஒயின் ஆகாது, ஆகவே சபதம் உடையவில்லை என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். பெருங்காயம் போட்ட மோர் மோரே இல்லை என்கிற மாதிரி. 1662 செப்டம்பர் 29 அன்று ஒரு சபதத்தின் கெடு முடிகிறது. இன்று ஒரு நாள் இஷ்டம்போல் இருந்துவிட்டு மறுபடி சபதத்துக்குத் திரும்பலாம் என்று கிளம்பி, ஒயின் குடித்து, நாடகம் பார்க்கிறார். பார்த்தது ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்'. வாழ்க்கையில் இவ்வளவு சப்பென்ற நாடகத்தைப் பார்த்ததில்லை என்று திட்டித் தீர்க்கிறார். டயட்டை விட்ட அன்று சாப்பிட்ட பரோட்டா நன்றாக இல்லாமல் போனால் நமக்கு வருமே, அந்த எரிச்சல்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கேம்பிரிட்ஜில் பி.ஏ. முடித்தவர், கடற்படையின் கொள்முதலைப் பார்க்கும் அதிகாரி. இவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது. அன்றைய பள்ளிகளில் லத்தீனும் கிரேக்கமும்தான் படிப்பு. 1662 ஜூலை 4 அன்று கூப்பர் என்கிற கப்பல் மாலுமியை வாத்தியாராக வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார். வயது 29. காலை நாலு மணிக்கு எழுந்து வாய்ப்பாடு மனப்பாடம். கணக்கிலேயே அது ஒன்றுதான் கஷ்டம் என்று புலம்புகிறார். எதற்கு இந்தப் பாடு? அடுத்த மாதமே ஆண்டனி டீன் என்ற கப்பல் கட்டுநர் இவரை வால்தம் காட்டுக்கு அழைத்துப்போய், மரத்தை அளப்பதில் ராஜாவின் கஜானாவை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று காட்டுகிறார். பெருக்கத் தெரியாதவனால் அந்தத் திருட்டைப் பிடிக்க முடியாது.

இதன் தொடர்ச்சி டைரிக்கு வெளியே இருக்கிறது. 1684இல் பீப்ஸ் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1687இல் நியூட்டனின் 'பிரின்சிபியா' வெளிவந்தபோது அதன் முகப்பில் அச்சிட அனுமதி அளித்தவர் என்று இவர் பெயர்தான் இருக்கிறது. 29 வயதில் வாய்ப்பாடு படித்த ஆள்!

இசையும் உண்டு. 1662இல் பிர்ச்சென்ஷா என்பவரிடம் இசையமைக்கக் கற்றுக்கொண்டார். ஐந்து வாரத்தில் வாக்குவாதமாகி, 5 பவுண்டு கொடுத்து வாத்தியாரை அனுப்பிவிட்டார். கிட்டத்தட்ட நாலு வருடம் கழித்து, 1665 டிசம்பரில் 'பியூட்டி ரிட்டயர்' என்ற பாட்டுக்கு மெட்டுப் போட்டார். அதில் எவ்வளவு பெருமை என்றால், 1666இல் ஹேல்ஸ் வரைந்த ஓவியத்தில் அந்த இசைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இன்றும் பார்க்கலாம். நாலு வருடம். என் நாவலுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இதுவரை எல்லாம் பச்சைக் கட்டம். இனி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த பகுதி.

அந்த 1665ஐப் பாருங்கள். 1,349இல் இருந்து 4,400. மூன்று மடங்குக்கு மேல். பீப்ஸ் வாழ்க்கையிலேயே அதுவரை வந்த மிகச் சிறந்த வருடம். அதுதான் பிளேக் வருடம். அதிகாரபூர்வக் கணக்கில் மட்டும் லண்டனில் பிளேக் சாவு 68,596. டச்சுக்காரர்களோடு போர் வேறு. போர் என்றால் சப்ளை, சப்ளை என்றால் ஒப்பந்தக்காரர்கள், ஒப்பந்தக்காரர்கள் என்றால் 'அன்பளிப்பு'. தாஞ்சியர் கஜானா பொறுப்பும், கடற்படை உணவு வழங்கலை மேற்பார்க்கும் பதவியும் அந்த வருடம் வந்தவை. இதைவிட மகிழ்ச்சியாக நான் வாழ்ந்ததில்லை என்ற பொருள்பட வருடக் கடைசியில் எழுதுகிறார். தெருவில் பிணம் போவதையும் இதே ஆள்தான் பதிவு செய்கிறார். இரண்டும் பொய்யில்லை. ஷீட்டில் எதற்கு ரோ இருக்கிறதோ அதுதான் கூடும்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். கணவனுக்கு நல்ல வேலை வேண்டும் என்று கேட்டு வந்த கப்பல் தச்சன் மனைவியிடம் நடந்துகொண்டதை ஸ்பானிஷ், பிரெஞ்சு, லத்தீன் கலந்த மொழியில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் விருப்பத்தை அவர் பொருட்படுத்தவில்லை என்பது அவர் எழுத்திலிருந்தே தெரிகிறது. இதற்கும் அவ்வப்போது சபதம் போட்டார், வேலையில் கவனம் சிதறுகிறது என்று. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்கும் பத்தி அவர் கணக்கில் கிடையாது.

அப்புறம் மனைவி எலிசபெத். 1655இல் கல்யாணம், அப்போது அவளுக்கு வயது 14. 1663 ஜனவரி 9 அன்று அவள் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்துக் காட்டுகிறாள். வீட்டில் தனியாகக் கிடப்பது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு வயது 22. எழுதியதில் பெரும்பகுதி உண்மைதான் என்று பீப்ஸே ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாளே, யாராவது படித்துவிட்டால்? கிழித்துப் போடு என்கிறார். அவள் மாட்டேன் என்கிறாள். பிடுங்கிக் கிழிக்கிறார். அவள் சேர்த்து வைத்திருந்த பழைய கடிதக் கட்டையும் எடுத்து, அவள் அழ அழக் கிழிக்கிறார். தான் மட்டும் யாரும் படிக்க முடியாத சுருக்கெழுத்தில் தினம் எழுதுகிற மனுஷன்!

இதைப் படித்தபோது எனக்கு ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நான் நிறம் போட்டுக்கொண்டிருந்தபோது காபி கொண்டுவந்த மனைவி திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நானும் பொண்ணும் எந்த ரோல வர்றோம்?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான். நானும் சிரித்துவிட்டேன். பீப்ஸைப் படித்த பிறகு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை. போன வருடம் அவள் தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு அலைந்த இரண்டு மாதமும் என் ஷீட்டில் பச்சை. ஆஸ்பத்திரிக் காத்திருப்பில் நிறைய புத்தகம் முடித்திருந்தேன்.

சரி, அவளுக்கு ஒரு ரோ போட்டுவிடலாமா? முதலில் எஞ்சினியர் மூளை அப்படித்தான் போச்சு. மாதம் எத்தனை என்று எழுதுவது? சினிமா இரண்டு, கோயில் ஒன்று என்றா? ஹிப்போக்ராஸ் மாதிரி அதிலும் சந்து கண்டுபிடிப்பேன்.

யோசித்துப் பார்த்தால் பீப்ஸ் இன்று நமக்குக் கிடைப்பது அந்தக் கூட்டல் கழித்தலால் இல்லை. எலிசபெத்தின் காகிதம் போயே போச்சு. அப்படி ஒன்று இருந்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், கிழித்தவரே அன்று இரவு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் நடந்ததை எழுதியதுதான். எண்கள் அவருடைய முன்னேற்றத்தைக் காட்டின. அவரைக் காட்டியது அவர் எழுதிய வாக்கியங்கள்.

பார்வை போய்விடும் என்ற பயத்தில் 1669 மே மாதம் டைரியை நிறுத்தினார். பார்வை போகவில்லை. அதே வருடம் நவம்பர் 10 அன்று எலிசபெத் இறந்தாள், வயது 29. பீப்ஸ் 1703 வரை இருந்தார். ஆறு டைரித் தொகுதிகளும் அவருடைய மற்ற புத்தகங்களோடு கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. 1819இல் ஜான் ஸ்மித் என்ற மாணவர் அதைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தார். மூன்று வருட உழைப்பு. அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுத்தரும் கையேடு அதே நூலகத்தில் இருந்தது அவருக்குத் தெரியாது. 1825இல் முதல் பதிப்பு வந்தது.

நான் ஷீட்டை அழிக்கவில்லை. ஜூலையில் நிறங்களுக்குப் பக்கத்தில் ஒரு அகலமான பத்தி சேர்த்திருக்கிறேன். தலைப்பு கிடையாது, எண் கிடையாது. அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று நாலு வரி, நல்லதோ கெட்டதோ எழுதுவது. ஜூலை வரிகளை மனைவியிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில், "அப்படி இல்ல, நீ மறந்துட்ட" என்று திருத்தினாள். திருத்திவிட்டேன்.

நாவல் இன்னும் பூஜ்யம்தான்.