கடல்மட்டத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவந்த கதை

நிலத்தின் உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுவதே உலக வழக்கம். கரையோரத்தில் நீரின் ஏற்ற இறக்கத்தைப் பல ஆண்டுகள் குறித்துவைத்தால் அந்தச் சராசரி கிடைத்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மேட்டுக்கு அதே மட்டத்தை எடுத்துச் செல்வதுதான் கடினம்.

இந்தியாவில் இந்தப் பணி 1858இல் தொடங்கி 1909இல் நிறைவுற்றது. அளவுகோலை முன்னும் பின்னும் நிறுத்தி, நடுவில் மட்டக்கருவி வைத்து, சில பத்து மீட்டர்களாக நாடு முழுவதும் நடந்தே அளந்தார்கள். கராச்சி முதல் நாகப்பட்டினம், சென்னை வழியாக ஃபால்ஸ் பாயிண்ட் வரை ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டம் சுழியமாகக் கொள்ளப்பட்டது. எல்லாத் துறைமுகங்களிலும் கடல் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை என்பதால், அந்த வலையமைப்புக்குள் சிறு பிழைகள் தொடக்கத்திலேயே புகுந்துவிட்டன.

மலைகள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தன. தூக்குக்குண்டின் நூல் பூமியின் மையத்தை நோக்கியே நிற்கும் என்று நம்ப முடியாது. அருகிலுள்ள பெருமலை அதைத் தன் பக்கம் இழுக்கும். வட இந்தியாவின் கலியானா, மத்திய இந்தியாவின் கலியான்பூர் ஆகிய இரு நிலையங்களுக்கு இடையே, விண்மீன்களைக் கொண்டு கணித்த அட்சரேகை வித்தியாசமும் முக்கோண அளவை தந்த வித்தியாசமும் சுமார் 5 விகலை (ஆர்க்செகண்ட்) வேறுபட்டன. கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த கணிதவியலாளர் ஜான் பிராட் இமயத்தின் நிறையை மதிப்பிட்டு 1855இல் கணக்கிட்டபோது, வேறுபாடு சுமார் 15 விகலையாக இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பொருள் இருக்கிறது என்ற புரிதல் இந்தக் கணக்கிலிருந்தே வளர்ந்தது. நில அளவையில் தென்பட்ட ஒரு முரண்பாடு பூமியின் உள்ளமைப்பையே காட்டிக்கொடுத்தது பெரும் வியப்பு.

ஈர்ப்பின்படி சமமாக நிற்கும் கடல்மட்டப் பரப்பை நிலத்துக்கு அடியிலும் நீட்டினால் கிடைக்கும் மேடுபள்ளமான வடிவத்துக்கு 1873இல் ஜெர்மானியரான லிஸ்டிங் ஜியாய்டு என்று பெயரிட்டார். 1990களில் ஜிபிஎஸ் முழுமையாக இயங்கத் தொடங்கியதும் இந்த வடிவம் இன்றியமையாததாயிற்று. செயற்கைக்கோள் தருவது வழவழப்பான, கணித வடிவிலான நீள்கோளத்திலிருந்து உயரம். அதில் ஈர்ப்புக்கு இடமில்லை. அந்த எண்ணிலிருந்து, அவ்விடத்தில் ஜியாய்டு நீள்கோளத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைக் கழித்தால்தான் கடல்மட்ட உயரம் வரும். கீழே இருந்தால் அது எதிர்ம எண்.

இந்தத் திருத்தம் மிகப் பெரிதாக இருக்கும் பகுதிகளில் தென்னிந்தியாவும் ஒன்று. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே இறங்குகிறது. உலகில் இதைவிட ஆழமான இறக்கம் இல்லை. அதன் சரிவு தமிழகக் கரைவரை நீள்கிறது. திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் கருவி சென்னைக் கடற்கரையைக் கடலுக்கு 80 மீட்டருக்கும் கீழே காட்டும்.

ஜியாய்டைத் துல்லியமாக வரைய ஈர்ப்பையே விண்ணிலிருந்து அளந்தார்கள். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், தமக்கு இடையிலான தூரத்தின் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு கீழிருக்கும் நிறையைக் கணித்தன. 2009 முதல் 2013 வரை ஐரோப்பாவின் கோசே செயற்கைக்கோள் இன்னும் தாழப் பறந்து அளந்தது. இஜிஎம்2008 என்ற உலகளாவிய மாதிரி, கிரேஸ் தரவுகளோடு நிலத்திலும் கடலிலும் எடுத்த அளவீடுகளைச் சேர்த்து உருவானது.

எவரெஸ்ட் சிகரத்துக்கு 1856இல் அறிவித்த உயரம் 29,002 அடி. சமவெளியிலிருந்து தொலைநோக்கிக் கோணங்களால் கணித்தது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் 8,848.86 மீட்டர் என்று கூட்டாக அறிவித்தன. உச்சியில் வைத்த செயற்கைக்கோள் கருவிகளோடு ஈர்ப்பு அளவீடுகளும் ஜியாய்டுக் கணக்கும் இதற்குத் தேவைப்பட்டன. கனடா இன்னும் ஒரு படி சென்று, 2013இல் மட்ட அளவை வலையமைப்பை விட்டு ஜியாய்டு மாதிரியையே நாட்டின் உயர அடிப்படையாக ஏற்றது.